"சாப்பிடுங்கம்மா" என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

நம் ஊர் வார்டில் ஒரு நர்ஸ் வயதான அம்மாவுக்கு மாத்திரை கொடுப்பதைக் கவனித்துப் பாருங்கள். "ஆயா, எழுந்து உட்காரு ஆயா. இந்த ஒரு மாத்திரைய மட்டும் போட்டுக்க. அப்புறம் படுத்துக்கலாம்." அன்பு, பாசம், கனிவு என்று ஒரு வார்த்தைகூட இதில் இல்லை. உட்காரு, போட்டுக்க என்று எல்லாம் ஏவல்தான். ஆனால் அந்த ஆயாவுக்கு அது ஏவலாகக் கேட்பதே இல்லை. இரண்டு முறை "ஆயா" என்று கூப்பிட்டதில் பாதிக் கனிவு போய்ச் சேர்ந்துவிட்டது. மீதி, "ஒரு மாத்திரைய மட்டும்" என்பதிலும் "படுத்துக்கலாம்" என்பதிலும் இருக்கிறது.

இதே நர்ஸ் இங்கிலாந்து போனதும் இப்படிச் சொல்கிறார்: "கெட் அப். டேக் திஸ் டேப்லெட். தென் யூ கேன் ஸ்லீப்." இலக்கணத்தில் குறையில்லை, உச்சரிப்பும் நன்றாக இருக்கிறது. ஆனால் "ஆயா" விழுந்துவிட்டது, "மட்டும்" விழுந்துவிட்டது. வெறும் ஏவல்தான் மிச்சம். படுக்கையில் இருப்பவரின் முகம் சுருங்குகிறது. ஏன் சுருங்கியது என்று நர்ஸுக்குப் புரிவதில்லை, அவர் மனதில் இருந்தது பழைய அதே கனிவுதானே.

நான் இங்கிலாந்தில் முதியோர் வார்டு ஒன்றில் சில வருடம் வேலை பார்த்தேன். திரும்பி வந்த பிறகு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான இங்கிலீஷ் தேர்வை எழுதும் நர்ஸ்களுக்குப் பேச்சு வகுப்பு எடுக்கிறேன். பண்ருட்டி, நெய்வேலி, பரங்கிப்பேட்டை, அந்தப் பக்கம் பாகூர், வில்லியனூர் என்று பல ஊர்களிலிருந்து டியூட்டி முடித்துக் களைப்போடு பஸ் ஏறி வருகிறார்கள். எல்லாருமே நோயாளியிடம் அன்பாகப் பேசத் தெரிந்தவர்கள். அந்த அன்பை இங்கிலீஷுக்குள் கூட்டிப்போகும் வழியைப் பற்றி வகுப்பில் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கூப்பிடுவது. நமக்கு அம்மா, ஐயா, ஆயா, தாத்தா, அண்ணே என்று யாரையும் உறவாக்கிக்கொள்ள ஒரு சொல் கையில் இருக்கிறது. முன்பின் தெரியாதவரைக்கூட ஒரே சொல்லில் வீட்டு ஆளாக்கிவிடுவோம். இங்கிலீஷில் நோயாளியை ஆன்ட்டி, அங்கிள், கிராண்ட்மா என்று கூப்பிட முடியாது. நாம் மரியாதையாகச் சொன்னாலும் அவர்களுக்கு அது "உனக்கு வயதாகிவிட்டது" என்று கேட்கும். அந்த இடத்தை அவர்கள் பெயரை வைத்து நிரப்புகிறார்கள். ஆகவே முதல் நிமிடத்திலேயே கேட்டுவிட வேண்டும்: "வாட் வுட் யூ லைக் மீ டு கால் யூ?" சிலர் மிஸஸ் என்று குடும்பப் பெயரோடு கூப்பிடச் சொல்வார்கள், சிலர் செல்லப் பெயரைச் சொல்வார்கள். சொன்ன பெயரைப் பேச்சின் நடுவில் ஓரிரு முறை பயன்படுத்துங்கள். நாம் வாக்கியத்துக்கு வாக்கியம் "அம்மா" சேர்ப்பதைப் போல அடிக்கடி சேர்த்தால் கடைக்காரர் பொருளை விற்பது மாதிரி ஆகிவிடும்.

அதற்கும் முன்னால் நம் பெயரைச் சொல்ல வேண்டும். கேட் கிரேஞ்சர் என்ற இங்கிலாந்து டாக்டர் புற்றுநோயோடு தானே வார்டில் படுத்திருந்தபோது, தன்னைக் கவனிக்க வந்த பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தார். 2013-இல் "ஹலோ மை நேம் இஸ்" என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 2016-இல் இறந்துபோனார். அவர் தொடங்கியது பிரிட்டனின் மருத்துவமனைகள் முழுக்கப் பரவியது. அந்த வார்த்தைகள் அச்சிட்ட பேட்ஜைக் குத்திக்கொண்டு வேலை செய்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் எல்லாருக்கும் நாம் "சிஸ்டர்"தான், பெயரைச் சொல்லும் பழக்கமே கிடையாது. அதனால் இதை வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக வைக்கிறேன். தாமரைச்செல்வி என்று நீளமான பெயராக இருந்தாலும் நிதானமாக முழுசாகச் சொல்லி, பிறகு சுருக்கிச் சொல்லுங்கள். கேட்பவர் அதை உச்சரிக்க முயற்சி செய்யும்போதே பாதி பழக்கம் வந்துவிடும்.

டியர், லவ், டார்லிங் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். அங்கே பஸ் டிரைவர்கூட "லவ்" என்று கூப்பிடுவார். வடகிழக்குப் பக்கம் "பெட்" என்பார்கள், கிழக்கு மிட்லண்ட்ஸில் "டக்" என்பார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் நோயாளி நம்மை அப்படிக் கூப்பிடலாம், நாமாகத் தொடங்க வேண்டாம். வயதானவர்களிடம் குழந்தையிடம் கொஞ்சுவது போல் குரலை உயர்த்தி, இழுத்து, "ஸ்வீட்டி, குட் கேர்ள்" என்று பேசுவதற்கு "எல்டர்ஸ்பீக்" என்று பெயரே வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். மறதி நோய் உள்ளவர்களிடம் அப்படிப் பேசும்போது அவர்கள் குளிக்க, உடை மாற்ற ஒத்துழைக்க மறுப்பது கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். நினைவு போனாலும் மானம் போவதில்லை. நம் ஊர் முதியவர்களுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

சரி, உறவுச்சொல் இல்லாமல் ஏவலின் முனையை எப்படி மழுக்குவது? இங்கேதான் இங்கிலீஷின் சின்னச் சொற்கள் வேலை செய்கின்றன. அனுபவமுள்ள இங்கிலீஷ் நர்ஸ் ஒருவர் கையை நீட்டச் சொல்வதைக் கேளுங்கள்: "குட் யூ ஜஸ்ட் பாப் யுவர் ஆர்ம் அவுட் ஃபார் மீ?" நாம் "கொஞ்சம் கையை நீட்டுங்கம்மா" என்போமே, அதேதான். "ஜஸ்ட்" என்பது நம் "கொஞ்சம்". யாரும் கையைக் கொஞ்சமாக நீட்டச் சொல்வதில்லை, அது கனிவுக்காகச் சேர்ப்பது. "ஃபார் மீ" என்பது நம் "அம்மா" நின்ற இடத்தில் நிற்கிறது. எனக்காகச் செய்யுங்கள் என்ற உரிமை அதில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் "ப்ளீஸ்" ஒன்றைத்தான் சொல்லித்தருகிறார்கள். ஏவல் வாக்கியத்தின் வாலில் "ப்ளீஸ்" ஒட்டினால் அது பல நேரம் பொறுமை இழந்தவரின் குரலாகத்தான் கேட்கும். "சிட் டவுன், ப்ளீஸ்" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். "ஜஸ்ட்", "ஃபார் மீ", "எ லிட்டில்", "ஷல் வீ" இந்த நான்கையும் நாக்கில் ஏற்றிக்கொண்டால் பேச்சின் நிறமே மாறிவிடும்.

இதில் ஓர் எச்சரிக்கை. கட்டாயம் செய்ய வேண்டியதைக் கேள்வியாக்கக் கூடாது. "வுட் யூ லைக் யுவர் இன்ஜெக்ஷன் நவ்?" என்று கேட்டால் "நோ, தேங்க்யூ" என்பது நியாயமான பதில். பிறகு நாம் வற்புறுத்தினால் கேட்டதே பொய்யாகிவிடும். ஊசி போட வேண்டியிருக்கிறது என்பதை நேராகச் சொல்லிவிட்டு, எந்தக் கையில் போடலாம் என்பதைக் கேளுங்கள். அது உண்மையான கேள்வி, அவர் சொல்லும் பதிலை நாம் ஏற்க முடியும். (முற்றிலும் வேண்டாம் என்று மறுக்கும் உரிமை நோயாளிக்கு எப்போதும் உண்டு, அப்போது காரணத்தைக் கேட்க வேண்டும், கெஞ்சக் கூடாது.)

அடுத்தது, உணர்ச்சிக்கான பெரிய சொற்கள். இதில்தான் மாணவிகளுக்கு ஆசை அதிகம். டெண்டர், கைண்ட், ஜென்டில், சிம்பதி, எம்பதி, கம்பாஷன் என்று நோட்டில் பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள்.

டெண்டர் என்றால் நமக்கு முதலில் பொதுப்பணித்துறை டெண்டர் ஞாபகம் வரும், அடுத்து இளநீர். ஒப்பந்தப்புள்ளியைக் குறிக்கும் டெண்டர் வேறு சொல். "நீட்டு" என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. மென்மையைக் குறிக்கும் டெண்டர், "இளசான" என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்குக் கனிவைக் குறிக்கும் "தாந்த்ரெஸ்" என்ற சொல் தெரிந்திருக்கும். மென்மை, அன்பின் குழைவு, தொட்டால் வலிக்கும் இடம் மூன்றுக்கும் இந்த ஒரே சொல்தான். மருத்துவமனையில் மூன்றாவது பொருள்தான் வழக்கம். வயிற்றின் வலது கீழ்ப்பக்கம் மெதுவாக அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுக்கும்போது வலி சுரீரென்று கூடினால் அதற்கு ரீபவுண்ட் டெண்டர்னஸ் என்று பெயர். குடல்வால் அழற்சியைச் சந்தேகிக்க அதுவும் ஓர் அடையாளம். ஆகவே குறிப்பேட்டில் "டெண்டர்" என்று எழுதினால் அது வலி மட்டுமே. நோயாளியிடம் "ஐ வில் பி டெண்டர் வித் யூ" என்று சொல்லிவிடாதீர்கள், அது கணவன் மனைவிக்குள், தாய் பிள்ளைக்குள் புழங்கும் நெருக்கம். புண்ணைத் துடைக்கும்போது நமக்கு வேண்டிய சொல் "ஜென்டில்". "ஐ வில் பி அஸ் ஜென்டில் அஸ் ஐ கேன். டெல் மீ டு ஸ்டாப் இஃப் இட் ஹர்ட்ஸ்." வலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள் என்ற இரண்டாவது வாக்கியம் முதலாவதைவிட முக்கியம். சொன்னபடி நிறுத்தவும் வேண்டும்.

"ஐயோ பாவம்" என்பதை இங்கிலீஷில் கொண்டுபோவது கஷ்டம். நாம் மனசு உருகிச் சொல்வது அது. "ஐ பிட்டி யூ" என்று மாற்றினால் மேலிருந்து கீழே பார்த்துச் சொல்வதாகிவிடும். சண்டையில் வசையாகவே அதைச் சொல்வார்கள். "புவர் யூ" என்பது சொல்லும் தொனியைப் பொறுத்துக் கிண்டலாகவும் கேட்கும். சிம்பதி என்ற சொல்லைப் பெரும்பாலும் துக்க வீட்டுக்கு அனுப்பும் அட்டையில் பார்க்கலாம். கம்பாஷன் என்பது அடுத்தவர் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியது. 2012-இல் இங்கிலாந்தின் தலைமை நர்ஸ் ஜேன் கம்மிங்ஸ் வெளியிட்ட கொள்கையில் கேர், கம்பாஷன், காம்பிடன்ஸ், கம்யூனிகேஷன், கரேஜ், கமிட்மென்ட் என்று "சி" எழுத்தில் தொடங்கும் ஆறு சொற்கள், அதாவது "சிக்ஸ் சீஸ்" இருக்கிறது. நேர்முகத்தேர்வில் இதைப் பற்றிக் கேட்கலாம், தெரிந்துகொண்டு போங்கள். ஆனால் படுக்கையருகே அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை.

எம்பதி இவற்றில் மிகவும் புதியது. ஜெர்மன் சொல் ஒன்றுக்கு இணையாக 1909-இல் டிட்ச்னர் என்ற உளவியலாளர் உருவாக்கியது. இன்று ஓஇடி பேச்சுத் தேர்வில் மதிப்பெண் போடும் அளவுகோல்களில் ஒன்றாக இருக்கிறது. நோயாளியோடு உறவை வளர்ப்பது என்ற தலைப்பின் கீழ் வருகிறது. அதனால் மாணவிகள் "ஐ எம்பதைஸ் வித் யூ" என்று சொன்னால் மார்க் விழும் என்று நம்பிவிடுகிறார்கள். "ஐ கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட் ஹவ் யூ ஃபீல்" என்பதும் இதே வகைதான். மனைவியை நேற்று இழந்த எண்பது வயதுக்காரரிடம், கல்யாணமே ஆகாத பெண் "உங்கள் உணர்வு எனக்கு முழுசாகப் புரிகிறது" என்றால் அவர் எப்படி நம்புவார்? எம்பதியைக் காட்டும் வாக்கியங்களில் அந்தச் சொல் இருப்பதில்லை. "திஸ் மஸ்ட் பி வெரி ஹார்ட்", "யூ லுக் வொரீட்", "தட் சவுண்ட்ஸ் ஃபிரைட்டனிங்". எதிரில் இருப்பவர் முகத்தில் நாம் கண்டதைச் சொல்வதுதான் எல்லாமே. நாம் கண்டது தவறாக இருந்தால் அவரே திருத்துவார், பேச்சும் அங்கிருந்து தொடங்கிவிடும்.

புற்றுநோய் சிகிச்சையில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் இதை "நர்ஸ்" என்ற சொல்லின் ஐந்து இங்கிலீஷ் எழுத்தில் அடக்கியிருக்கிறார்கள்: நேமிங், அண்டர்ஸ்டாண்டிங், ரெஸ்பெக்டிங், சப்போர்ட்டிங், எக்ஸ்ப்ளோரிங். உணர்ச்சிக்குப் பெயர் சொல்வது, புரிந்துகொள்ள முயல்வது, அவர் தாங்கி வந்திருப்பதை மதிப்பது, உடனிருப்பதாகச் சொல்வது, மேலும் கேட்பது. நம் தொழிலின் பெயரிலேயே இருப்பதால் மறக்காது. மூன்றாவதை நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். "யூ ஹேவ் பீன் கோப்பிங் வித் எ லாட்" என்று ஒரு வரி சொன்னாலே தோள் இறங்கும், பார்த்திருக்கிறேன்.

"சாரி" என்ற சொல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். நமக்கு சாரி என்றால் மன்னிப்பு, தப்பு செய்தவர் கேட்பது. அதனால் "மை ஹஸ்பண்ட் டைட் லாஸ்ட் மன்த்" என்று நோயாளி சொன்னால் நம்மவர்கள் பேசாமல் நிற்கிறார்கள், அல்லது "ஓகே" என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். "ஓகே" அந்த இடத்தில் அறைவது போல விழும். "ஐ ஆம் ஸோ சாரி டு ஹியர் தட்" என்பதில் குற்ற ஒப்புதல் எதுவும் இல்லை, துக்கத்தில் பங்கெடுப்பது மட்டும்தான். சொல்லிவிட்டு ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருங்கள். அவர் பேச வேண்டும் என்றால் பேசுவார்.

அதேபோல "அழாதீங்க, ஒண்ணும் ஆகாது". தமிழில் இதைவிட ஆறுதல் கிடையாது. தோளில் கை வைத்துச் சொல்கிறோம். அழக் கூடாது என்று அதற்கு அர்த்தமில்லை, நான் இருக்கிறேன் என்றுதான் அர்த்தம். "டோன்ட் க்ரை, நத்திங் வில் ஹேப்பன்" என்றால் அழ அனுமதி இல்லை என்றும், நம்மால் காக்க முடியாத வாக்கு என்றும் ஆகிவிடும். அங்கே பொய்யான உறுதிமொழியை நர்ஸ் தரக் கூடாது என்பதைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். "இட்ஸ் ஓகே டு க்ரை. டேக் யுவர் டைம். ஐ ஆம் ஹியர்." நாம் தமிழில் சொல்ல வந்தது இதுதான்.

ஒரு மாலை, பண்ருட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வகுப்பில் நோயாளியோடு பேசும் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். மனைவி இறந்த பிறகு சாப்பிட மறுக்கும் முதியவர். வாக்கியங்கள் எல்லாம் சரியாக வந்தன, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டாள். "மேடம், இந்த மாதிரி ஆளுகிட்ட நான் தமிழ்ல இவ்ளோ பேசவே மாட்டேன். பக்கத்துல உட்கார்ந்து சோத்தைப் பிசைஞ்சு கையில குடுப்பேன். ரெண்டு வாய் உள்ள போயிடும்." அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நம் கனிவு கையில் இருக்கிறது, சோற்றில் இருக்கிறது. வடலூர் தருமசாலையில் 1867-இலிருந்து அடுப்பு அணையாமல் எரியும் மாவட்டம் இது, பசித்தவருக்குச் சோறு போடுவதைத்தான் இங்கே இரக்கம் என்று பிறந்ததிலிருந்து பார்க்கிறோம்.

"அதையே சொல்லேன்" என்றேன். "என்ன செய்யப் போறியோ அதை அவருக்கு வார்த்தையில சொல்லு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஷல் ஐ சிட் வித் யூ ஃபார் எ பிட்? வீ கேன் ட்ரை எ லிட்டில் டுகெதர்." சேர்ந்து கொஞ்சம் முயற்சி பண்ணலாமா. "சாப்பிடுங்கம்மா" என்பதற்கு இதைவிட நெருக்கமான இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. அகராதியில் எந்தச் சொல்லைத் தேடினாலும் இது வந்திருக்காது, அவள் செய்ய நினைத்ததிலிருந்து வந்தது. அன்றிலிருந்து இந்த முறையைத்தான் எல்லாருக்கும் வைக்கிறேன்: முதலில் தமிழில் உன் வார்டில் கையால் என்ன செய்வாய் என்று சொல், பிறகு அந்தச் செயலை "ஷல் ஐ", "வுட் இட் ஹெல்ப் இஃப் ஐ" போட்டு இங்கிலீஷில் கேள். தொடுவதற்கும் இதுவே. கையைப் பிடிக்கலாமா என்று கேட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும், முன்கையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்னொன்று, நாம் "சாப்பிட்டீங்களா?" என்று விசாரிக்கும் இடத்தில் அவர்கள் "வுட் யூ லைக் எ கப் ஆஃப் டீ?" என்று கேட்கிறார்கள். டீயைக் கேட்கும் அந்த ஒரு வரியின் எடையைக் குறைவாக எண்ண வேண்டாம். துக்கச் செய்தி சொன்ன அறையிலும் அதுதான் முதலில் வரும்.

தேர்வுக்குப் போகிறவர்களுக்கு: ஓஇடி பேச்சில் நோயாளியோடு பேசுவதாக நடிக்கும் இரண்டு காட்சிகள், ஒவ்வொன்றுக்கும் தயாராக மூன்று நிமிடம், பேச ஏறக்குறைய ஐந்து நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் எல்லாரும் மருந்துப் பெயரையும் அறிவுரையையும் குறித்துக்கொள்கிறார்கள். காட்சியின் விவரம் உள்ள அட்டையைப் படித்து, இந்த நோயாளி எதற்குப் பயப்படுகிறார் என்று ஒரு சொல் எழுதுங்கள். பேச்சு அந்தப் பயத்தைத் தொட்டுவிட்டுப் பிறகு அறிவுரைக்குப் போக வேண்டும். வீட்டில் பயிற்சி செய்யும்போது போனில் பதிவு செய்து கேளுங்கள்; "ஓகே" எத்தனை இடத்தில் தேவையில்லாமல் வருகிறது என்பதை மட்டும் கவனித்தாலே போதும்.

கடைசியாக, எழுதும் குறிப்பு. நோயாளி பக்கத்தில் இல்லாதபோதும் கனிவு வேண்டும், பிரிட்டனில் தன் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படிக்க நோயாளிக்குச் சட்டப்படி உரிமை உண்டு. "ரெஃப்யூஸ்ட் ஃபுட், அட்டென்ஷன் ஸீக்கிங்" என்று எழுதினால் அடுத்த ஷிஃப்டில் வருபவர் ஒரு பிடிவாதக்காரரைப் பார்க்கப் போவதாக நினைத்துக்கொண்டுதான் போவார். "டிக்ளைன்ட் லன்ச், டியர்ஃபுல், டாக்கிங் அபவுட் ஹிஸ் வைஃப், ஹேட் ஹாஃப் எ கப் ஆஃப் டீ வித் மீ" என்று எழுதுங்கள். அடுத்து வருபவர் டீயோடு போவார், மனைவியைப் பற்றிக் கேட்பார்.